இல்லாத பெரியப்பாவின் துடக்கு

விக்னராஜாவை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் அவனை, பிள்ளைகள் பனியில் சறுக்கி விளையாடுகிற அந்த ஐஸ் ரிங்கில் வேலை செய்பவன் என்றுதான் நினைப்பார்கள். தொடை வரைக்கும் இறங்கிய தடித்த நீல ஜக்கெற், காதை மூடிய தொப்பி, கையுறை. யாராவது வந்து கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். அவனும் சலிக்காமல் கையைக் காட்டுவான். அந்த ஜக்கெற் அவனுடைய வேலைத்தலத்துடையது. உறைந்த கோழியும் ஐஸ்கிறீமும் அடுக்கி வைக்கிற குளிர்க் களஞ்சியம் ஒன்றில் அவன் ஃபோர்க்லிஃப்ற் ஓட்டுகிறான். பகல் முழுக்க அங்கே விறைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை மாலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இங்கே விறைக்க வருவான்.

"உனக்கு விசரோ? ஒரு நாளைக்கு ஒரு குளிர் காணாதோ?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இல்லை அண்ணை, அங்கயோட பாக்க இஞ்ச கொஞ்சம் சூடு," என்றான். பகிடிக்குச் சொல்லவில்லை. மெய்யாகவே அப்படித்தான் இருந்திருக்கிறது.

நான் சிறிதரன். ஆஸ்திரேலியாவில், லிட்கம் என்ற இடத்தில், விக்னராஜா குடும்பம் இருக்கிற அதே ஃப்ளாற் கட்டடத்தில், அவர்களுக்கு மேல் மாடியில் இருக்கிறேன். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். அவனுடைய மனைவி கலா முதியோர் இல்லத்தில் மாலை வேலை செய்கிறாள். அவனிடம் இருக்கிற பழைய கார் வாரத்தில் பாதி நாள் ஓடாது. ஆகவே வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகளை ரிங்குக்கு ஏற்றிப் போகிற வேலை என் தலையில் விழுந்தது. எனக்குக் குளிர் பிடிக்காது, பொறுமையும் கிடையாது. அந்த மரப்படிகளில் குந்திக்கொண்டு, கடதாசிக் கோப்பையில் விற்கிற கழுநீர்க் கோப்பியைக் குடித்தபடி ஒவ்வொரு வெள்ளியும் புறுபுறுத்துக்கொண்டிருப்பேன். ஆனாலும் போகாமல் இருந்ததில்லை.

விக்னராஜாவிடம் ஒரு சொல் இருக்கிறது, "பார்ப்பம்". கார் திருத்த வேண்டுமா என்றால் பார்ப்பம். மகனுக்குப் பல்லுக் கம்பி போட வேண்டுமா என்றால் பார்ப்பம். இந்தச் சொல் எனக்கு எரிச்சலைக் கிளப்பும். ஆனால் அவனுடைய வாழ்க்கையை அறிந்தவனுக்கு அது ஏன் என்று விளங்கும். இலங்கையிலிருந்து அகதியாகப் படகில் வந்தவன் அவன். கலாவும் ஒரு வயதுக் குழந்தையான லக்சனும் கூட வந்தார்கள். அந்தக் கடல் கதையை எனக்கு ஒரேயொரு தரம், மூச்சு விடாமல் சொல்லி முடித்தான். பிறகு வாய் திறக்கவில்லை. வந்து பதின்மூன்று வருடத்துக்கு மேலாகிவிட்டது. வழக்கு தோற்றது, மேல்முறையீடு போனது, அதுவும் இழுபட்டுக்கொண்டிருக்கிறது. இடைக்கால விசா ஒன்றைப் புதுப்பித்துப் புதுப்பித்துக் கொடுக்கிறார்கள். வேலை செய்யலாம், வரி கட்டலாம். நாட்டை விட்டு வெளியே மட்டும் போக முடியாது. போனால் திரும்பி வர வழியில்லை. இப்படி இருக்கிறவன் பார்ப்பம் என்று சொல்லாமல் வேறு என்னத்தைச் சொல்வான்?

லக்சனுக்குத் தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள், மிருணாளினி. அவள் இங்கே பிறந்தவள். இந்த நாட்டில் பிறந்து, பத்து வயது வரைக்கும் இங்கேயே வளர்ந்த பிள்ளை தானாகவே குடிமகள் ஆகிவிடும் என்று சட்டம் இருக்கிறது. பிள்ளைக்குப் பத்து முடிந்ததும் வழக்கறிஞர் சொல்லி, விக்னராஜா ஓடித் திரிந்து அலுவல் பார்த்தான். போன வருடம் அவளுக்கு ஆஸ்திரேலியப் பாஸ்போட் வந்தது. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னம் அவன் என் கதவைத் தட்டினான். கையில் துவாய் ஒன்றில் சுற்றிய பொருள்.

"அண்ணை, இதை உங்கட அலுமாரிக்குள்ள வையுங்கோ. லக்சன் கண்டிட்டானெண்டால் கரைச்சல்."

"என்ன கரைச்சல்? உள்ளதைச் சொல்லன். அவனுக்குப் பதின்மூண்டு வயசு."

"என்னண்டு அண்ணை சொல்லுறது? ஒரு வயித்தில பிறந்ததுகள். அவளுக்கு நாடு இருக்கு, உனக்கில்லையெண்டு ஒரு பிள்ளைக்கு எந்த வாயால சொல்லுறது?"

வாங்கி வைத்துவிட்டேன். விசாவைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டால் "பேப்பர் அலுவல் நடக்குது" என்று மட்டும் சொல்லி வளர்த்த வீடு அது. பிள்ளைகள் பயமில்லாமல் வளர வேண்டும் என்று கலாவும் அவனும் எடுத்த முடிவு. சரியோ பிழையோ, நான் அதற்குள் தலையிடவில்லை.

ரிங்குக்கு அவர்கள் வந்ததே ஒரு விடுமுறைக் காலத்தில் பள்ளிக்கூடம் இலவசமாகக் கூட்டிவந்ததால்தான். மற்றப் பிள்ளைகள் சுற்றியுள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டு கன்றுக்குட்டி போலத் தடுமாற, லக்சன் மூன்றாம் நாளே கையை விட்டுவிட்டு ஓடினானாம். அங்கே இருக்கிற ஐஸ் ஹொக்கி கழகம் பழைய சறுக்குச் சப்பாத்தும் தலைக்கவசமும் கொடுத்து அவனைச் சேர்த்துக்கொண்டது. அடுத்த வருடம் தங்கச்சியும் போனாள். அவளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தவன் அண்ணன்தான். தான் பின்னோக்கிச் சறுக்கியபடி இரண்டு கைகளையும் நீட்ட, அவள் அவற்றைப் பிடித்துக்கொண்டு வருவாள். இப்போது பதினைந்து வயதுக்குட்பட்ட அணியில் இருவரும் இருக்கிறார்கள். ஆணும் பெண்ணும் கலந்த அணி. என் கோப்பிக் கோப்பைக்குள் இருந்து பார்த்தாலும் ஒன்று தெரியும். அந்தப் பெடியன் ஐஸில் இறங்கினால் வேறு ஆள். வீட்டில் தோளைக் குறுக்கிக்கொண்டு திரிகிறவன் அங்கே நிமிர்ந்து நிற்பான்.

விக்னராஜா இதுவரை ஐஸில் கால் வைத்ததில்லை. வாங்கின் முன்னால் மண்டியிட்டு இரண்டு பேருக்கும் சப்பாத்துக் கயிறு கட்டிவிடுவான். பிறகு தடுப்புக் கண்ணாடியில் மூக்கு முட்டும்படி நின்று பார்த்துக்கொண்டிருப்பான். கோல் அடித்தாலும் கத்த மாட்டான், கை தட்ட மாட்டான். மூச்சுப் புகையால் கண்ணாடி மங்கினால் மட்டும் துடைப்பான்.

போன மே மாதக் கடைசியில் வந்தது வில்லங்கம். பயிற்சியாளர் ட்ரேசி, பிள்ளைகளை எல்லாம் வட்டமாக நிறுத்தி, யூலை விடுமுறையில் நியூசிலாந்தில் சிறுவர் போட்டி, நமது அணி போகிறது, எல்லோரும் வருகிறீர்கள் என்றாள். செலவெல்லாம் கழகம் பார்க்கும், பாஸ்போட் விவரம் மட்டும் தாருங்கள் என்றாள். பிள்ளைகள் ரிங்கே அதிரக் கூவினார்கள். லக்சன் கூவவில்லை. தங்கச்சியின் தலைக்கவசத்தில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினான். நான் விக்னராஜாவைப் பார்த்தேன். பேய் அறைந்தவன் போல நின்றான்.

வரும் வழியில், பிள்ளைகள் பின்னால் காதில் பாட்டு மாட்டிக்கொண்டிருக்க, தாழ்ந்த குரலில் கேட்டான். "அண்ணை, என்ன செய்யிறது?"

"ட்ரேசியிட்ட உண்மையைச் சொல்லு. இப்பிடி விசா, பெடியன் வெளியில போகேலாது, பெட்டை போகலாம். நேராச் சொல்லிவிடு. அதுதான் மரியாதை."

"அவ நல்ல மனிசி. அதுதான் பயம். விட மாட்டா. கடிதம் எழுதுவம், எம்.பி.யைப் பிடிப்பம், டிவியைக் கூப்பிடுவம் எண்டு துவங்குவா. லோயர் படிச்சுப் படிச்சுச் சொன்னவர், எங்கட கேஸ் மினிஸ்டர் கைக்குப் போயிருக்கிற நேரம் சத்தம் போடாமல் இருங்கோ எண்டு. பிறகு அந்தப் பிள்ளையளெல்லாம் இவனைப் பாவமெண்டு பாக்கும். இந்த ஒரு இடந்தான் அண்ணை அவன் தலை நிமிந்து நிக்கிற இடம்."

"அப்ப என்ன சொல்லப் போறாய்?"

"பார்ப்பம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்டியரிங்கில் ஒரு குத்துக் குத்தினேன். யாரில் ஆத்திரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவனில் இல்லை. முகம் இல்லாத ஏதோ ஒன்றில். அதைக் குத்த முடியாது, ஸ்டியரிங்கைத்தான் குத்தலாம்.

அவன் பார்த்தது என்னவென்று இரண்டு வாரம் கழித்துத் தெரிந்தது. ட்ரேசி போனில் அழைத்து, பாஸ்போட் விவரம் இன்னும் வரவில்லையே என்று கேட்டிருக்கிறாள். அவன் திணறி, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான். தன் மூத்த அண்ணன் ஊரில் இறந்துவிட்டாராம். எங்கள் வழக்கப்படி முப்பத்தொரு நாளைக்குத் துடக்காம். சாவு வீட்டுத் தீட்டு, கொண்டாட்டம் கூடாது, பயணம் கூடாது, ஆகவே பிள்ளைகள் இரண்டு பேரும் வர முடியாதாம்.

"உனக்கு அண்ணன் இருக்கிறாரோ?" என்று கேட்டேன்.

"இல்லை. நான்தான் மூத்தவன்."

"பிறகேன் அண்ணனைக் கொண்டனி?"

அவன் என்னை அப்பாவியாகப் பார்த்தான். "உள்ள ஆக்களை அப்பிடிச் சொல்லலாமோ அண்ணை? சொல்லுப் பலிச்சால் என்ன செய்யிறது? இல்லாத ஆளெண்டால் ஒருத்தருக்கும் ஒண்டும் வராது."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பொய் சொல்லும்போதும் அதில் ஒருவருக்கும் கெடுதல் வரக்கூடாது என்று பார்த்துச் சொல்கிறவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பெயர் என்ன என்று ட்ரேசி கேட்டாளாம். கிருஷ்ணசாமி என்று சொல்லி வைத்தானாம். அவள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்து, சரியாகச் சொல்கிறேனா என்றும் கேட்டாளாம்.

"பிள்ளையளுக்கு என்ன சொன்னனி?"

"இன்னும் சொல்லேல்லை. எனக்கு லீவு கிடைக்கேல்லை, தனிய அனுப்பப் பயம் எண்டு சொல்லுவம் எண்டிருக்கிறன். வெள்ளிக்கிழமை விளையாட்டு முடிஞ்சு வீட்ட வந்து சொல்லுறன்."

அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் கொஞ்சம் பிந்திப் போனோம். கயிறு கட்டி, பிள்ளைகள் ஐஸில் இறங்கும்போது மற்றவர்கள் ஏற்கனவே நடுவில் வட்டமாக நின்றார்கள். எல்லோருடைய வலக் கையிலும் கறுப்பு நாடா சுற்றியிருந்தது. ஹொக்கி மட்டையில் சுற்றுகிற அதே நாடா. இது என்ன புதுக் கோலம் என்று நான் யோசிக்க, ட்ரேசி லக்சனையும் மிருணாவையும் நடுவில் கூப்பிட்டு அவர்கள் கைகளிலும் சுற்றிவிட்டாள். பிறகு ஒரு கடதாசியும் பார்க்காமல் சொன்னாள். நமது தோழர்கள் இருவருடைய பெரியப்பா, கிருஷ்ணசாமி, இலங்கையில் காலமாகிவிட்டார். இந்தக் குடும்பம் துக்கத்தில் இருக்கிறது. நாம் அவர்களோடு நிற்கிறோம். பெயரை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள். வாரம் முழுக்கப் பழகியிருக்க வேண்டும்.

பக்கத்தில் விக்னராஜாவின் கை கண்ணாடியைத் துடைத்தபடி அப்படியே நின்றுவிட்டது.

மிருணா அண்ணனை அண்ணாந்து பார்த்து எதையோ கேட்டாள். எங்களுக்கு அப்படி ஒருத்தர் இல்லையே என்றுதான் கேட்டிருப்பாள், வாயசைவில் தெரிந்தது. லக்சன் குனிந்து அவள் காதடியில் ஒரு சொல் சொன்னான். அவள் வாயை மூடிக்கொண்டாள். அதன் பிறகு பிள்ளைகள் எல்லோரும் தலையைக் குனிந்து, மட்டைகளால் ஐஸில் தட்டத் தொடங்கினார்கள். டக், டக், டக் என்று. தங்களில் ஒருவருக்குத் துக்கம் என்றால் அப்படிச் செய்வது அந்த விளையாட்டில் வழக்கமாம். தகரக் கூரை போட்ட அந்தப் பெரிய மண்டபம் முழுவதும் அந்தச் சத்தம் எழும்பியது. இந்த உலகத்தில் பிறக்காத ஒரு மனிதனுக்கு, அவனை அறியாத பிள்ளைகள் அத்தனை பேரும் அஞ்சலி செய்தார்கள். லக்சனும் தலை குனிந்து தட்டினான். எனக்குத்தான் அவர் பொய் என்று தெரியும். ஆனாலும் நானும் தலையைக் குனிந்தேன்.

"அண்ணை, நான் வெளியில போறன்," என்றான் விக்னராஜா.

"நில்லு. இப்ப போனியெண்டால் அதை விடக் கேவலம்," என்றேன். அவன் நின்றான்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ட்ரேசி கையை உயர்த்தினாள். இன்னொரு செய்தி இருக்கிறது என்றாள். லக்சனும் மிருணாவும் இல்லாமல் நாம் போவதா என்று இந்த வாரம் எல்லாப் பெற்றோரிடமும் கேட்டோம், ஒருவரும் சம்மதிக்கவில்லை. அதனால் யூலைப் போட்டியை விட்டுவிட்டோம். செப்டம்பர் விடுமுறையில் அதே ஊரில் இன்னொரு போட்டி இருக்கிறது, அதற்குப் பதிந்துவிட்டோம். அதற்குள் முப்பத்தொரு நாளும் கடந்துவிடும். எல்லோரும் சேர்ந்தே போகிறோம். பிள்ளைகள் மட்டைகளைத் தூக்கிக்கொண்டு கூச்சல் போட்டார்கள். யாரோ ஒரு பெடியன் லக்சனைக் கட்டிப்பிடித்து, இரண்டு பேரும் தொப்பென்று விழுந்தார்கள்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். இது அதிலும் மோசம். திட்டினால் திருப்பித் திட்டலாம். தள்ளினால் தள்ளலாம். இப்படி அன்பாக வந்து கழுத்தைப் பிடித்தால் என்ன செய்வது? இனி இவன் உண்மையைச் சொன்னால், செத்தவன் இல்லை, தட்டிய தட்டெல்லாம் வீண் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் செப்டம்பரில் இன்னொருவரைக் கொல்ல வேண்டும்.

ட்ரேசி ஐஸில் சறுக்கிக்கொண்டு எங்கள் பக்கத் தடுப்புக் கதவுக்கு வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. விக்னராஜாவின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். உங்கள் வழக்கத்தை நாங்கள் மதிக்கிறோம், அவசரம் ஒன்றும் இல்லை, ஆறுதலாகப் பாஸ்போட் விவரத்தைத் தாருங்கள், செப்டம்பர் உங்களுக்குச் சரிதானே என்றாள்.

அவன் என்னைப் பார்த்தான். வாய்க்குப் பூட்டில்லாதவன் என்று ஊரெல்லாம் பெயர் வாங்கியவன் நான். உண்மையை நானே சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் அது என்னுடைய உண்மை இல்லை.

அப்போதுதான் லக்சன் வந்தான். வேகமாக வந்து, பக்கவாட்டில் சறுக்கி, ஐஸ் தூள் பறக்க எங்கள் முன் நின்றான். தலைக்கவசத்தைக் கழற்றினான். தலைமயிர் வியர்வையில் ஒட்டியிருந்தது.

"ட்ரேசி," என்று ஆங்கிலத்தில் தொடங்கினான். அவன் குரல் அமைதியாக இருந்தது. "அப்பா உங்களுக்கு முழுதாகச் சொல்லவில்லை. முப்பத்தொரு நாள் பொதுவாக எல்லோருக்கும். பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் குடும்பத்தில் இருக்கிற ஆண்பிள்ளை ஒரு வருடம் கடல் தாண்டிப் போகக் கூடாது. எங்கள் குடும்பத்தில் அது நான்தான். தங்கச்சிக்கு அப்படி ஒன்றும் இல்லை. அவள் போகலாம்."

ட்ரேசி அவனையும் தகப்பனையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒரு வருடமா? அப்படியா?" என்று விக்னராஜாவைக் கேட்டாள்.

அப்படி ஒரு வழக்கம் எங்கும் கிடையாது. அது எனக்குத் தெரியும், விக்னராஜாவுக்கும் தெரியும், லக்சனுக்கும் தெரியும். தங்கச்சி மட்டும் போகலாம் என்று அவன் சொன்னானே, அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. யாருக்குப் பாஸ்போட் இருக்கிறது, யாருக்கு இல்லை, ஏன் இல்லை. எத்தனை நாளாகத் தெரியுமோ. அப்பாவும் அம்மாவும் தன்னிடமிருந்து மறைத்ததைத் தனக்குத் தெரியாதது போல வைத்து, அவர்களை அவன் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறான்.

விக்னராஜா மகனைப் பார்த்தான். ட்ரேசி பதிலுக்குக் காத்திருந்தாள். இல்லை என்றால் பொய் உடையும், மகன் பொய்யன் ஆவான். ஓம் என்றால் மகனைத் தன் வாயாலேயே நிறுத்தியவன் ஆவான். அவனுக்கு வேறு வழி இருக்கவில்லை.

"யெஸ்," என்றான்.

ட்ரேசி லக்சனின் தோளைத் தட்டி, உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்தபடி பயிற்சி தொடங்க விசில் ஊதப் போனாள். தூரத்தில் மிருணா இதொன்றும் தெரியாமல் கறுப்பு வட்டை மட்டையால் தள்ளிக்கொண்டு தனியே ஓடிக்கொண்டிருந்தாள்.

லக்சன் தலைக்கவசத்தை மாட்டி, நாடிப் பட்டியைப் பூட்டினான். போகத் திரும்பியவன் நின்றான். வீட்டில் எப்போதும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை, தகப்பனிடம் தமிழில் சொன்னான்.

"அப்பா, அவளுக்குப் பெரிய ஜக்கெற் ஒண்டு வாங்க வேணும். அங்க இதை விடக் குளிராம்."